நாலு பள்ளிக்கூடம், நான் ஒருத்தி: கஷ்டத்தில் இருக்கிற பிள்ளைகளைத் தவறவிடாமல் பார்ப்பது எப்படி?

கேள்வி: காசிமேட்டுக்காரி

எம்.எஸ்.டபிள்யூ. முடித்து, கொஞ்ச காலம் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். இந்த ஜூனில் ஒரு டிரஸ்டில் சேர்ந்திருக்கிறேன். அவர்களுக்கு வட சென்னையில் நாலு உதவி பெறும் பள்ளிகள்: காசிமேட்டில் தொடக்கப் பள்ளி, தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் நடுநிலைப் பள்ளி, திருவொற்றியூரில் மேல்நிலைப் பள்ளி. 'மாணவர் நலன்' என்று போர்டு போட்டு எனக்கு ஒரு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். நாற்காலி தண்டையார்பேட்டையில், பிள்ளைகள் நாலு இடத்தில்.

விஷயத்துக்கு வருகிறேன். திருவொற்றியூரில் ஒன்பதாவது படிக்கிற ஒரு பையன் தினமும் லேட். முதல் பீரியட் முடிகிறவரை பி.டி. சார் அவனை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவார். காசிமேட்டில் நாலாவது படிக்கிற ஒரு பெண், மதியம் ஆனால் பெஞ்சிலேயே தலை சாய்த்துத் தூங்கிவிடும். இரண்டும் அண்ணன் தங்கை என்று இரண்டு பள்ளிக்கும் தெரியாது. அப்பாவின் செல் நம்பர் ஒன்றுதான், ஆனால் இரண்டு ரிஜிஸ்டர், இரண்டு பீரோ. அம்மா வீட்டை விட்டுப் போய் பல மாதம் ஆகிறது. அப்பா விசைப்படகில் கடலுக்குப் போனால் திரும்பி வர பத்து நாள்கூட ஆகும். பையன்தான் விடியற்காலையில் எழுந்து சோறு வைத்து, தங்கச்சியைக் கிளப்பி, அவளைக் காசிமேட்டில் விட்டுவிட்டு பஸ் பிடிக்கிறான். இரண்டு டீச்சருக்கும் பாதிப் பாதி தெரிந்திருக்கிறது. சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

தாளாளர் இதைக் கேட்டுவிட்டு, "ஒரு கூகுள் ஷீட் போடுங்க, எல்லா டீச்சர்ஸும் வாட்ஸ்அப்பில் பார்த்துக்கட்டும்" என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் பதிலுக்கு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. என்ன எழுதி வைப்பது, யாரிடம் காட்டுவது, எந்தக் கட்டத்தில் வெளியே புகார் கொடுப்பது? எச்.எம்.கள் எல்லாருக்கும் 'பள்ளிக்குக் கெட்ட பேர்' என்கிற பயம் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


ராயபுரம் பழைய எச்.எம்.

நாற்காலியைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்துச் சிரித்துவிட்டேன் அம்மா. ராயபுரம் பக்கம் ஒரு உதவி பெறும் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்து எச்.எம். ஆக ரிட்டயர் ஆனவள் நான். எங்கள் நிர்வாகத்துக்கும் ஒன்றுக்கு மேல் பள்ளிகள் உண்டு, அதனால் நீங்கள் சொல்வது புரிகிறது.

முதலில் அந்தப் பையன். மற்ற எதையும் செய்வதற்கு முன், நாளைக்கே அவனை கேட்டுக்குள் விட ஏற்பாடு பண்ணுங்கள். பி.டி. சாரிடம் குடும்பக் கதையெல்லாம் சொல்ல வேண்டாம். 'இவனுக்கு ஒன்பதே முக்கால் வரை அனுமதி' என்று எச்.எம். கையெழுத்தில் ஒரு சீட்டு போதும். லேட்டாக வருகிறவனை வெளியே நிறுத்துவதற்கு நம் ஊரில் ஒழுக்கம் என்று பேர். வெளியே நிற்கிற பையனிடம் முதலில் பேச்சுக் கொடுப்பது யார்? தெருமுனையில் கஞ்சா, மாத்திரை வைத்துக்கொண்டு நிற்கிறவன்தான். எந்த கேட்டில் எந்த நேரத்துக்குப் பிள்ளைகள் நிற்கும் என்று அவனுக்கு அத்துப்படி.

அடுத்தது, நோட்டு. கூகுள் ஷீட் வேண்டவே வேண்டாம். பிள்ளைக்கு ஒரு பக்கம் என்றும் வைக்காதீர்கள். குடும்பத்துக்கு ஒரு பக்கம். நாலு பள்ளி அட்மிஷன் ரிஜிஸ்டரையும் ஒரு வாரம் உட்கார்ந்து அப்பா அம்மா செல் நம்பரை வைத்துச் சேர்த்துப் பாருங்கள். யாருக்கு யார் அண்ணன், யாருக்கு யார் சித்தி மகள் என்று நிறைய வெளியே வரும். எல்லாப் பிள்ளைக்கும் பக்கம் திறக்க வேண்டியதில்லை, யாரைப் பற்றியாவது ஒரு டீச்சர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்குத் திறங்கள்.

எழுதும்போது பார்த்ததை எழுதுங்கள், அபிப்பிராயத்தை எழுதாதீர்கள். 'பையன் சரியில்லை', 'குடும்பம் ஒரு மாதிரி' என்றெல்லாம் எழுதினால் ஆறு மாதம் கழித்து எடுத்துப் படிக்கிறவருக்கு ஒன்றும் புரியாது, பிள்ளைக்கும் அது முத்திரையாகிவிடும். 'திங்கள், மூன்றாவது பீரியட், தூங்கினாள். கேட்டதற்கு, நைட்டு கரண்ட் இல்ல, அண்ணன் விசிறிட்டே இருந்துச்சு என்றாள்.' இப்படி. பிள்ளை சொன்ன வார்த்தை அப்படியே இருக்கட்டும், அதைச் செந்தமிழ் ஆக்காதீர்கள். கீழே தேதி, கையெழுத்து, அடுத்து என்ன செய்தோம் என்று ஒரு வரி.

எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் ஆன்லைன் பதிவேடு) இருக்கிறதே, நோட்டு எதற்கு என்று தாளாளர் கேட்பார். தினம் அட்டெண்டன்ஸ் போடுகிறோம், பிள்ளை வரவில்லை என்பது எமிஸில் தெரியும். ஏன் வரவில்லை என்பது தெரியாது. அதேபோல ஐந்தாவது முடித்து ரெக்கார்ட் ஷீட் வாங்கிக்கொண்டு போகிற பிள்ளையைப் பாருங்கள். அந்தத் தாளில் பிறந்த தேதி இருக்கும், வகுப்பு இருக்கும். அவளுக்கு ஆஸ்துமா, அப்பா குடித்துவிட்டு வந்தால் பாட்டி வீட்டுக்கு ஓடிவிடுவாள், கணக்கு டீச்சர் என்றால் உயிர் என்பதெல்லாம் எங்கே இருக்கும்? ஒரே நிர்வாகத்தின் நாலு பள்ளி என்பதில் உங்களுக்குக் கிடைத்திருக்கிற ஒரே லாபம் இதுதான். வருடக் கடைசியில் ஒரு மதியம் ஐந்தாம் வகுப்பு டீச்சரையும் ஆறாம் வகுப்பு டீச்சரையும் நேருக்கு நேர் உட்கார வையுங்கள். டீயும் மசால் வடையும் நிர்வாகச் செலவு. எட்டாவதிலிருந்து ஒன்பதாவது போகிறவர்களுக்கும் இதே மாதிரி. பேப்பரில் வராத சேதி அந்த ஒரு மணி நேரத்தில் வந்துவிடும்.

எமிஸால் ஒரு உபயோகம் நிச்சயம் உண்டு. டி.சி. கொடுத்ததும் பிள்ளையின் பெயர் காமன் பூலுக்குப் போகும், அடுத்த பள்ளி அங்கிருந்து எடுக்கும். ஜூன் கடைசியில் உங்கள் நாலு பள்ளியும் அனுப்பிய பெயர்களில் யாரை இன்னும் எந்தப் பள்ளியும் எடுக்கவில்லை என்று பாருங்கள். தேட வேண்டிய பிள்ளைகள் அவர்கள்தான்.

காசிமேடு என்பதால் இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில், வருமானம் கிடையாது, கடன் ஏறும். அதோடு பள்ளி லீவும் சேர்ந்துகொள்ளும். ஐஸ் உடைக்க, இறால் உரிக்க, மூட்டை தூக்க என்று மே மாதம் போன பையன் கையில் காசு பார்த்துவிட்டால் ஜூனில் வருவது கஷ்டம். பள்ளி திறந்த முதல் வாரமே வராதவர் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போங்கள். லாங் ஆப்சென்ட் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் ஆகஸ்டில் அந்தப் பையன் வேறு ஆளாகியிருப்பான். சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர் குடியிருப்புக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகளும் உங்களிடம் இருந்தால் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். வீடு அங்கே, அப்பா வேலை இங்கே என்று பிள்ளைகள் நடுவில் அலையும்.

வெளியே புகார் கொடுப்பது பற்றி வக்கீல் யாராவது சொல்லட்டும், அப்புறம் நான் வருகிறேன்.


வியாசர்பாடி வாத்தியார்

மேடம் சொல்வதெல்லாம் சரி, ஆனால் கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். ரிட்டயர் ஆனவர்களுக்கு 'நோட்டு வையுங்கள்' என்று சொல்வது சுலபம். ஒரு கிளாஸ் டீச்சர் காலையில் ஆப்பில் அட்டெண்டன்ஸ், அப்புறம் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வேலை, ஸ்காலர்ஷிப் வேலை, வங்கிக் கணக்கு ஆதார் இணைப்பு என்று ஓடுகிறார். இதில் இன்னொரு ரிஜிஸ்டர் என்றால் முதல் மாதம் எழுதுவார், இரண்டாம் மாதம் ஒரே மையில் முப்பது நாளையும் நிரப்பி வைப்பார். எழுதுகிற வேலை உங்களோடு நிற்கட்டும். டீச்சருக்கு வாயால் சொல்ல ஒரு வழி, உங்களுக்கு ஒரு மிஸ்டு கால், அவ்வளவுதான் கேட்கலாம்.

டீச்சரை விட முன்னாலேயே தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். காலை உணவு பரிமாறுகிற அக்காவைக் கேளுங்கள். நகரத்து உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் 2025 ஆகஸ்டிலிருந்து காலை உணவுத் திட்டம் வந்துவிட்டதால் காசிமேட்டில் உங்களுக்கும் இருக்கும். திங்கட்கிழமை உப்புமாவை யார் இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை வாங்குகிறார்கள் என்று பாருங்கள். வெள்ளி மதியச் சத்துணவோடு வயிறு மூடிய பிள்ளை அது. டிபன் பாக்ஸில் எடுத்துப் போகிற பிள்ளையையும் பாருங்கள், வீட்டில் சின்னது ஒன்று காத்திருக்கும். இதை எந்த கவுன்சலரும் சொல்ல மாட்டார், ஆயாம்மா சொல்லுவார். வாட்ச்மேனுக்கும் தெரியும், சாயங்காலம் யாரை யார் வந்து கூட்டிப் போகிறார்கள் என்று.


புதுவண்ணாரப்பேட்டை அம்மா

நான் டீச்சர் இல்லை. உங்களுக்கு உபயோகப்படுமா தெரியாது, ஆனாலும் சொல்கிறேன். என் பையன் விஷயம் ஒன்று, கிளாஸ் டீச்சரிடம் நம்பிச் சொன்னேன். எந்தப் பள்ளி என்று சொல்லப் போவதில்லை. மறுநாள் ஸ்டாஃப் ரூம் முழுக்கத் தெரிந்திருந்தது. அங்கே வேலை செய்கிற ஒரு அம்மா எங்கள் தெருவுக்குப் பின்தெரு. சாயங்காலம் தண்ணி லாரிக்குக் குடத்தோடு நிற்கும்போது பக்கத்து வீட்டுக்காரி, "உம் புள்ளைக்கு இப்ப பரவாயில்லையா" என்று கேட்டாள். அதோடு பையன் என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டான். டீச்சர் கெட்டவர் இல்லை, அக்கறையில்தான் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். வாட்ஸ்அப்பில் பெயரோடு போட்டால் என்ன ஆகும் என்று உங்கள் சாரிடம் இதைச் சொல்லுங்கள் தங்கச்சி.


பாரிமுனை வக்கீல்

போக்சோ (பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) வழக்குகளில் பிள்ளைகள் தரப்பில் உதவி செய்கிறேன். சுருக்கமாகச் சொல்கிறேன்.

பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அச்சம் இருந்தாலோ, காவல் நிலையத்துக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியே ஆக வேண்டும். 2012 போக்சோ சட்டம், 19-வது பிரிவு. 'யாராக இருந்தாலும்' என்றுதான் இருக்கிறது, எச்.எம். அனுமதி வாங்கி என்று இல்லை. சொல்லாமல் விட்டால் 21-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழ் வேலை செய்பவர் மீதான விஷயத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை. நல்லெண்ணத்தில் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது, அதுவும் அதே 19-ல் இருக்கிறது. 'பள்ளிக்குக் கெட்ட பேர்' என்கிறவர்களிடம் இந்த இரண்டு பிரிவையும் படித்துக் காட்டுங்கள், பேச்சு மாறிவிடும்.

பள்ளி விசாரிக்கக் கூடாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் கேட்க மாட்டார்கள். பிள்ளையை எச்.எம். அறையில் உட்கார வைத்து நாலு பேர் மாற்றி மாற்றிக் கேட்பது, குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு நேருக்கு நேர் நிறுத்துவது, மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்குவது எல்லாம் கோர்ட்டில் வழக்கைக் கொன்றுவிடும். பிள்ளை சொன்னதைச் சொன்ன வார்த்தையில் ஒருவர் எழுதினால் போதும். மற்றதை போலீஸ் பார்க்கட்டும். வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அது கேட்கிற இடத்திலோ, யூனிபார்ம் இல்லாமல் வந்துதான் பதிவு செய்ய வேண்டும். கூடிய வரையில் எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத பெண் அதிகாரிதான் வர வேண்டும். பிள்ளையை ராத்திரி ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் போலீஸ் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். வழக்கு முடிகிறவரை பிள்ளையோடு கூட இருக்க உதவி நபர் ஒருவரைக் குழு நியமிக்க முடியும். அதைக் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் பல சமயம் நடக்காது.

பாலியல் குற்றம் இல்லாத மற்றதற்கு, அதாவது அடி, பட்டினி, சின்ன வயசுக் கல்யாணம், வேலைக்கு அனுப்புவது, இதற்கெல்லாம் குழந்தைகள் உதவி எண் 1098. பள்ளிக்குள் நடக்கிற தொந்தரவுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-ம் உண்டு. பிள்ளைகளே நேரடியாகக் கூப்பிடலாம்.


காசிமேட்டுக்காரி

எல்லாருக்கும் நன்றி. புதுவண்ணாரப்பேட்டை அக்கா, நீங்கள் எழுதியதை அப்படியே தாளாளரிடம் படித்துக் காட்டினேன். கூகுள் ஷீட் பேச்சு அதோடு நின்றது.

வக்கீல் சாருக்கும் எச்.எம். மேடத்துக்கும் ஒரு கேள்வி. ஒரு பிள்ளை டீச்சரிடம் வந்து, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மிஸ், அப்பதான் சொல்வேன்" என்றால் என்ன செய்வது? சத்தியம் பண்ணவில்லை என்றால் பிள்ளை வாயே திறக்காது என்கிறார்கள் டீச்சர்கள். அப்புறம் அந்த அண்ணன் தங்கைக்குப் பண உதவி ஏதாவது வாங்கித் தர முடியுமா?


ராயபுரம் பழைய எச்.எம்.

சத்தியம் பண்ணக் கூடாது. பண்ணிவிட்டு உடைத்தால் அந்தப் பிள்ளை இனி எந்தப் பெரியவரையும் நம்பாது. உடைக்காமல் இருந்தால் வக்கீல் சார் சொன்ன 21-வது பிரிவு. நான் எங்கள் டீச்சர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்: "எல்லார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உனக்கு உதவி பண்ணக்கூடியவங்க ஒருத்தர் ரெண்டு பேர்கிட்ட மட்டும் சொல்வேன். யார்கிட்ட சொல்றேன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்." இதைக் கேட்டுவிட்டு எழுந்து போகிற பிள்ளையும் உண்டு. போகட்டும், பிடித்து உட்கார வைக்காதீர்கள், அந்த வாரத்துக்குள் பெரும்பாலும் திரும்பி வரும். ஒன்று ஞாபகம் இருக்கட்டும், பிள்ளை எழுந்து போய்விட்டதாலேயே நம் பொறுப்பு முடியாது. அச்சம் இருந்தாலே சொல்ல வேண்டும் என்றுதான் சட்டம்.

பிள்ளைகள் புகாரை எழுதிப் போடுகிற 'மாணவர் மனசு' பெட்டி எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்று போய்ப் பாருங்கள். பெரும்பாலான பள்ளியில் எச்.எம். அறை வாசலில் இருக்கும், பக்கத்தில் நாற்காலி போட்டு கிளார்க் உட்கார்ந்திருப்பார். எந்தப் பிள்ளை போடும்? பெண்பிள்ளைகள் பாத்ரூம் போகிற வழியில், யாரும் நின்று பார்க்காத சுவரில் மாட்டுங்கள். திறப்பது அந்தப் பள்ளி ஆளாக இல்லாமல் நீங்களாக இருங்கள். நாலு பள்ளிக்குப் பொது ஆள் என்பதில் இப்படி ஒரு வசதி இருக்கிறது.

பொது நிர்வாகம் என்பதில் பெரிய ஆபத்தும் ஒன்று இருக்கிறது, யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஒரு பள்ளியில் ஒரு சார் மேல் முணுமுணுப்பு வந்தால், நிர்வாகம் அவரை அடுத்த பள்ளிக்கு டிரான்ஸ்ஃபர் போட்டுவிடும். இங்கே பிரச்சினை தீர்ந்தது. அங்கே இருக்கிற எச்.எம்.முக்கு ஒன்றும் தெரியாது, புது சார் வந்திருக்கிறார் என்று டூர் பொறுப்பையே கொடுப்பார். நீங்கள் சேர்ந்ததும் அமைதியாகச் செய்ய வேண்டிய வேலை, நாலு பள்ளிக்குள் கடந்த வருடங்களில் யார் யார் நடுவருடத்தில் மாற்றப்பட்டார்கள், என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று பார்ப்பது. 'நிர்வாகக் காரணம்' என்று மட்டும் இருந்தால் பழைய எச்.எம்.மிடம் டீ குடிக்கப் போங்கள். 2020 போக்சோ விதிகளின்படி பள்ளியில் இருக்கிற எல்லா ஊழியருக்கும், கான்ட்ராக்ட் ஆள் உட்பட, போலீஸ் சரிபார்ப்பு வேண்டும். வேன் டிரைவர், கராத்தே மாஸ்டர், சனிக்கிழமை டியூஷன் எடுக்க வருகிற காலேஜ் பையன், எல்லாரும் அதில் அடக்கம். டீச்சருக்கு மட்டும் வாங்கி வைத்துவிட்டுப் பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள்.

பண உதவி. பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளைக்கும், ஒருவர் இறந்து மற்றவரால் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கும் 'அன்புக் கரங்கள்' என்று மாதம் 2,000 ரூபாய், 2025 செப்டம்பரில் தொடங்கியது. அது இந்தக் குடும்பத்துக்குப் பொருந்தாது, அம்மா உயிரோடு இருக்கிறார், அப்பா சம்பாதிக்கிறார். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ஸ்பான்சர்ஷிப் உண்டு. அதற்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுப் போட்டு, குடும்ப நிலையை விசாரித்து, தகுதி இருந்தால்தான் வரும். கிடைக்கும் என்று பையனிடம் இப்போதே சொல்லி ஆசை காட்டாதீர்கள். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று, பிள்ளை பெயரில் பேங்க் புக் எல்லாம் தயாராக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், பாதி மனு அங்கேதான் சிக்கும்.

பணத்தை விட முதலில் அந்த அப்பாவிடம் பேச வேண்டும். படகு என்றைக்குக் கரைக்கு வருகிறது என்று பையனுக்குத் தெரியும். ஏலம் முடிந்து அவர் தூங்கி எழுந்த பிறகு போங்கள், விடிகாலையில் மார்க்கெட்டில் போய் நிற்காதீர்கள். 'உங்கள் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போக வந்திருக்கிறோம்' என்று நினைத்துவிட்டால் அதோடு கதவு சாத்திவிடும். பையன் எவ்வளவு பொறுப்பாக இருக்கிறான் என்று முதலில் சொல்லுங்கள். அப்புறம் அவர் கடலில் இருக்கிற நாட்களில் ராத்திரி பெரியவர் யார் வந்து படுத்துக்கொள்வார் என்று கேளுங்கள். பாட்டியோ அத்தையோ இருந்தால் அவர் நம்பரை வாங்கிக்கொண்டு ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். யாருமே இல்லை, இரண்டு பிள்ளைகளும் தனியாகத்தான் என்றால் அது 1098-க்குச் சொல்ல வேண்டிய விஷயம். அதையும் அவருக்குத் தெரிவித்துவிட்டே செய்யுங்கள்.


வியாசர்பாடி வாத்தியார்

மேடம், டூர் பொறுப்பு பற்றி எழுதினீர்களே, கைகொடுங்கள். இன்னொன்று கேட்கிறேன். இவர் ஒருவரே நாலு பள்ளிக்கும். நோட்டு இவர் பீரோவில். இவருக்கு டைபாய்டு வந்து பதினைந்து நாள் படுத்துவிட்டால்?


ராயபுரம் பழைய எச்.எம்.

நல்ல கேள்வி சார். ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு டீச்சர் பெயரை எழுத்தில் போட்டு வாங்க வேண்டும், பெரிய பள்ளியில் ஆணும் பெண்ணுமாக இரண்டு பேர். ஏ.எச்.எம்.மை (உதவித் தலைமை ஆசிரியரை) போடாதீர்கள், அவருக்கு ஏற்கெனவே ஆயிரம் வேலை. பிள்ளைகள் இன்டர்வலில் யாரைச் சுற்றி நிற்கிறார்கள் என்று பார்த்து அந்த டீச்சரைப் போடுங்கள். அவருக்கு வாரத்தில் இரண்டு பீரியட் குறைத்துக் கொடுக்கச் சொல்லி தாளாளரிடம் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தையாக வாங்கினால் அரையாண்டு வந்ததும் அந்த இரண்டு பீரியடும் காணாமல் போகும்.

பீரோ சாவி இரண்டு. ஒன்று உங்களிடம், இன்னொன்று திருவொற்றியூர் எச்.எம்.மிடம் கவரில் ஒட்டி, மேலே கையெழுத்துப் போட்டு. கவரைத் திறந்தால் யார், எதற்கு, எந்தக் குடும்பத்தின் பக்கம் பார்த்தார்கள் என்று எழுத வேண்டும். மே மாத லீவில் யார் போன் எடுப்பது என்பதையும் இப்போதே முடிவு பண்ணிவிடுங்கள், தடைக்காலத்தில்தான் அது அதிகமாக அடிக்கும்.